கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்

இன்று காலை கடைக்கு ஒரு பெண் வந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டுமாம். விளக்குக்கு நேராக உட்காரவைத்து, தாடையைத் தொட்டு முகத்தைக் கொஞ்சம் திருப்பினேன். அப்போது அந்த வாசனை எழுந்தது. ரோஜாத் தண்ணீரில் பழைய சில்லறைக் காசை ஊறவைத்தது போன்ற வாசனை. படமெடுத்து முடித்ததும் பின்கட்டுக்குப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கை கழுவினேன். விரல் நுனியை முகர்ந்து பார்த்தால் இன்னும் இருந்தது.

உன் கடைசி மாதங்களில், நீ உள்ளே நுழைந்தாலே கடையில் பரவிய வாசனை அது. நீ போன பிறகும் உன் நாற்காலியின் முதுகுத் துணியில் கொஞ்ச காலம் தங்கியிருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. இன்று வேறொருத்தியின் கன்னத்திலிருந்து திரும்பி வந்தபோது உன்னிடம் பேசாமல் இருக்க முடியவில்லை. நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். “உனக்கு மனுசங்க எதுக்கு, புக்கு போதும்” என்பாய். அதனால் எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்பது தெரிந்துதான் எழுதுகிறேன்.

பாச்சாங்கில் நம் கடை அப்படியேதான் இருக்கிறது. முன்னால் ஸ்டூடியோ, பின்னால் கல்யாண அட்டை, காலண்டர், பத்திரிகைக்குக் கொடுக்கும் நினைவஞ்சலி வேலைகள். முதலாளியை நாம் இருவரும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். அவர் கணினியும் ஸ்கேனரும் வாங்கி வைத்த அன்று, படம் திருத்தும் மென்பொருளோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை என் கையில் போட்டார். “எப்பப் பாத்தாலும் படிக்கிறியே, இதையும் படி.” உன்னைப் பார்த்து, “நீ செஞ்சி பாரு. மெஷின ஒடச்சிடாத” என்றார். அவருக்கு மவுஸைப் பிடிக்கவே பயம். கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு ஆள் யாரும் இல்லை. நான் மெர்லிமாவ் பஸ்ஸில் அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டு வருவேன். நீ செலண்டார் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பஸ் மாறி வந்து சேர்வாய். நான் படித்ததைச் சொல்லி முடிப்பதற்குள் உன் கை அதைச் செய்து பார்த்திருக்கும். தப்பாகப் போனால் மறுபடி புத்தகம். அப்படித்தான் இரண்டு பேரும் ஒன்றாகத் தெரிந்துகொண்டோம்.

ஸ்கேனர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. வைத்துப் பார்க்கப் படம் எதுவும் அருகில் இல்லை. நீ உன் வலது கையை விரித்துக் கண்ணாடிமேல் வைத்தாய். உள்ளே விளக்கு மெதுவாக ஊர்ந்து போனது. திரையில் உன் உள்ளங்கை வந்து நின்றது. ரேகைகள், விரல்களின் மடிப்பு, மோதிர விரலில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு.

“பாத்தியா, நானும் கலருதான்!” என்று கத்தினாய். அண்ணன் முன்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

நம் ஊர்ப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு நிறம்தான். வெளுப்பாக இருந்தால், “பொண்ணு நல்ல கலரு” என்பார்கள். உன்னைப் போல இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், நிறம் என்று ஒன்றே உனக்கு இல்லாதது போல. கல்விச் சான்றிதழில் நல்ல மதிப்பெண் இல்லாதவனிடம் யாரும் மதிப்பெண் கேட்காமல் விடுவது மாதிரி ஒரு மரியாதை அது.

அடுக்குகளைப் பற்றிய பாடம் எனக்குப் புரிய நாளாயிற்று. ஒரு படத்தின்மேல் இன்னொரு படம், அதன்மேல் இன்னொன்று என்று கண்ணாடித் தாள்களாக அடுக்கிக்கொண்டே போகலாம் என்று புத்தகம் சொன்னது. நீ சாப்பாட்டு நேரத்தில் வாங்கி வந்த குவே லாப்பிஸ் அடுக்குப் பலகாரத்தை எடுத்து, மேலே இருந்த பச்சைப் படலத்தை மட்டும் நகத்தால் உரித்துத் தூக்கிக் காட்டினாய்.

“இதான்லா லேயர். இத எடுத்துட்டா கீழ வெள்ள தெரியுது. பழையபடி வெச்சிட்டா மூடிக்கிது.”

“அப்ப ஒபாசிட்டி?”

“தேங்காப்பாலு எவ்ளோ கெட்டின்றது. தண்ணி ஊத்தினா கீழ இருக்கறது தெரியும். இதுக்குப்போய் அவ்ளோ பெரிய புக்கா?” என்று படலத்தை வாயில் போட்டுக்கொண்டாய்.

மாஸ்க் என்பதுதான் நம்மைப் படுத்தியது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு முகமூடி மாட்டலாம். முகமூடியில் கறுப்பு பூசிய இடத்தில் அந்த அடுக்கு மறையும். வெள்ளை பூசிய இடத்தில் தெரியும். படம் அழிவதில்லை, மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மறுபடி வெள்ளை பூசினால் திரும்பி வந்துவிடும். நான் இதைத் தமிழில் சுருக்கி, “கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்” என்றேன்.

நீ சிரித்தாய். “இத இங்கிலீஷ் புக்குல படிச்சித்தான் தெரிஞ்சிக்கணுமா? எங்க எஸ்டேட்ல பொறந்த ஒடனே சொல்லிடுவாங்களே.”

நானும் சிரித்தேன். அப்போது அது வெறும் வேடிக்கைதான்.

மறுநாளே ஒரு கல்யாண ஜோடியின் படத்தில் கை வைத்தாய். ஸ்டூடியோத் திரையை மறைத்துப் பின்னால் பூந்தோட்டம் போட வேண்டும். மாஸ்க் மாட்டி, கறுப்பை எடுத்து, மணப்பெண்ணின் தலையோரம் பூசினாய். திரை மறையவில்லை. பெண்ணின் நெற்றியும் கன்னமும் கரி அப்பியது போல் ஆகிவிட்டன. பதற்றத்தில் இன்னொரு தடவை இழுத்தாய், மூக்கும் போயிற்று. மென்பொருளின் அந்தப் பதிப்பில் ஒரே ஒரு படிதான் பின்னால் போக முடியும். கடைசி இழுப்பு நீங்கியது. முதல் இழுப்பு நின்றுவிட்டது.

அண்ணன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். “அடிப்பாவிங்களா, பொண்ணு வீட்டுக்காரன் பாத்தா என்னை வெட்டிடுவான்!”

“ஒன்னுமில்லண்ணே. பொண்ணு எங்க எஸ்டேட்டுல ரெண்டு நாளு தங்கிட்டு வந்திருக்கு” என்றாய் நீ, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

படத்தைச் சேமிக்காமல் மூடி, முதலிலிருந்து தொடங்கினோம். எங்கே தவறு என்று பிற்பகல் முழுக்கத் தேடினோம். திரையோரத்து அடுக்குப் பெட்டியில் ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு கட்டங்கள். ஒன்று படம், இன்னொன்று அதன் மாஸ்க். எதைச் சொடுக்கியிருக்கிறோமோ அதைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு இருக்கும். நீ பூசியது மாஸ்க்கில் அல்ல, படத்திலேயே. அதற்குப் பிறகு தூரிகையை எடுக்கும் ஒவ்வொரு முறையும், “படமா, மாஸ்க்கா?” என்று உரக்கக் கேட்டுக்கொண்டுதான் தொடங்குவாய். அண்ணனுக்கே அது தொற்றிக்கொண்டது. கடைக்கு யாராவது அதிகமாகப் பவுடர் பூசி வந்தால் நம் பக்கம் திரும்பி வாய்க்குள் முணுமுணுப்பார், “படமா, மாஸ்க்கா?”

இன்னொரு நாள், காலமான அப்பாவைக் குடும்பப் படத்தில் சேர்க்கச் சொல்லி ஒருவர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எங்கேயோ உன் விரல் எண் விசையில் பட்டுவிட்டது. பெரியவரின் உடம்பு வழியாகப் பின்னாலிருந்த ஜன்னல் திரை தெரிந்தது. நாம் இருவரும் மாஸ்க்கில்தான் கோளாறு என்று அதையே துருவிக்கொண்டிருந்தோம். அந்த அடுக்கின் ஒபாசிட்டி பாதியாக இறங்கியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதற்குள் மகன் வந்து நம் பின்னால் நின்றுவிட்டார்.

“சரி பண்ணிடறோங்க. அப்பா கொஞ்சம் லைட்டா விழுந்துட்டாரு” என்றாய்.

அவர் திரையைப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும்மா. வீட்ல அவரு எப்பவுமே பாதிதான் இருப்பாரு” என்றார். அவர் போன பிறகு நீ மேசையில் தலை வைத்துச் சிரித்தாய். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியவரை முழுசாக ஆக்கினாய்.

இதையெல்லாம் எழுதும்போது நீ இருக்கிறாய். அடுத்ததை எழுதத்தான் கை நகர மாட்டேன் என்கிறது.

நம் கடையில் அதிகம் வந்த வேலை என்ன என்று உனக்குத் தெரியும். பெண்களின் படத்தை வெளுப்பாக்குவது. “கொஞ்சம் கலரா போட்டுக் குடும்மா” என்பார்கள் அம்மாக்கள், பெண்ணின் முன்னாலேயே. நீதான் அதில் கைதேர்ந்தவள். படத்தை இரட்டித்து, மேலே உள்ளதை வெளுப்பாக்கி, மாஸ்க்கில் கண்ணையும் முடியையும் புடவையையும் காப்பாற்றி, ஒபாசிட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, திருத்தியது தெரியாத இடத்தில் நிறுத்துவாய். நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். தொடாத அசல் படத்தை இன்னொரு அடுக்காக எடுத்து, அடுக்கைத் திரையில் காட்டும் கண் அடையாளத்தை மூடி, ஒப்பிட்டுப் பார்க்க அடியில் போட்டுவைப்பேன். வேலை முடிந்ததும் அண்ணனின் சட்டப்படி எல்லா அடுக்குகளையும் ஒன்றாக்கிவிட வேண்டும். அடுக்கடுக்காக வைத்தால் வட்டில் இடம் போதாது.

உன்னைப் பெண் கேட்டு மெர்லிமாவிலிருந்து ஒரு குடும்பம் ஆள் விட்டது. முதலில் படம் வேண்டும் என்றார்கள். அண்ணனே உன்னை எடுத்தார். நீலப் புடவை, ஒற்றைப் பின்னல், கன்னத்தில் சின்ன வயதில் அம்மை போட்ட குழி. நல்ல படம். ஸ்கேன் செய்து திறந்ததும் நீ என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். அன்று நீ, “படமா, மாஸ்க்கா?” என்று கேட்கவில்லை.

நீ வெளுப்பை ஏற்றிக்கொண்டே போனாய். போதும் என்றேன். இன்னும் ஏற்றினாய். அம்மைக் குழியைத் துடைத்தாய்.

“இது நீ இல்லடி. நேர்ல வந்து பாப்பாங்க இல்ல?”

“நேர்ல பாக்க வரணும்னா மொதல்ல படத்தப் பாத்து வரணும் இல்ல?”

“வராதவங்க வராம போகட்டும்.”

நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: “உனக்கென்ன, நீ கலரு.”

ஒன்றாக்கும் கட்டளையை நீ கொடுத்தாய். மறைந்திருக்கும் அடுக்குகளைத் தள்ளிவிடலாமா என்று மென்பொருள் கேட்டது. அடியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தது உன் அசல் முகம். சரி என்று அழுத்தினாய். அதே பெயரில் சேமித்தாய். நெகடிவ்வையும் அசல் பிரதியையும் அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய், வீட்டுப் பின்னால் குப்பை எரியும் இடத்தில் போட்டுவிட்டதாக மறுநாள் நீயே சொன்னாய். “ஒரு மொகம் போதும், ரெண்டு வெச்சிக்கிட்டா கொழப்பம்” என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய்.

அவர்கள் வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, “போட்டோவுல கலரா இருந்திச்சே புள்ள” என்றாராம். வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாய். “வெயில்ல அலையாம இருந்தா சரியாயிடும், கொஞ்ச நாளு போகட்டும்” என்று சொல்லிப் போனார்கள். மாப்பிள்ளைக்கு உன்னைப் பிடித்திருந்ததாக நீ நம்பினாய். மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போது திரும்பிப் பார்த்தானாம். அதை என்னிடம் எத்தனை முறை சொன்னாய்.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியது அந்தக் களிம்பு. பெயர் ஒட்டாத சின்னப் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே வெளிர் மஞ்சளாக, அந்த ரோஜாவும் சில்லறையும் கலந்த வாசனையோடு. ஒரு மாதத்துக்குள் உன் முகம் மாறத் தொடங்கியது. உண்மையாகவே மாறியது, கடைக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள். முகம் மட்டும். கழுத்தும் காதும் கையும் பழையபடி. கண்ணாடியில் பார்த்துவிட்டு, “மாஸ்க் சரியா உக்காரலடி, ஓரம் தெரியுது” என்றாய். தோல் உரிந்தது, எரிந்தது. விட்டுவிடு என்றேன். கல்யாணம் முடியட்டும் என்றாய். நாம் அதைப் பற்றி மூன்று நான்கு முறை சண்டை போட்டிருப்போம். ஒவ்வொரு முறையும் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லி என் வாயை அடைத்தாய்.

பிறகு ஜெரேபு வந்தது. எங்கோ காடு எரிந்த புகை கடல் தாண்டி வந்து ஊரை மூடியது. எதிர் வரிசைக் கடைகள் தெரியவில்லை. “ஆண்டவன் ஒபாசிட்டிய கொறச்சிட்டான்” என்றாய். எல்லாரும் காகித மாஸ்க் மாட்டிக்கொண்டு நடந்தோம். உனக்கு அது வசதியாகப் போயிற்று. கடைக்குள்ளேயும் கழற்றமாட்டாய். ஒருநாள் நீ உள்ளே வரும்போது நான், “படமா, மாஸ்க்கா?” என்று கேட்டேன்.

“மாஸ்க்தான். படம் ரிப்பேர்ல இருக்கு” என்றாய் உள்ளிருந்து.

அந்த மாஸ்க்குக்குப் பின்னால் உன் முகம் வீங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே உப்பியிருந்ததை, புகையினால் என்று நினைத்தேன். அந்த நாட்களில் எல்லாருக்குமே கண் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் செருப்பு காலுக்குள் போகவில்லை என்று வெறுங்காலோடு மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தாய். உன் கணுக்காலை அழுத்தியபோது என் விரல் பதிந்த குழி மேலே வரவே இல்லை. அண்ணன் வேனை எடுத்தார்.

வார்டில் மருத்துவர், முகத்துக்கு என்ன போடுகிறாய் என்று கேட்டார். பவுடர் என்றாய். நான் களிம்பைப் பற்றிச் சொன்னேன். நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். அம்மாவிடம் சொல்லி டப்பாவை வரவழைத்தார்கள். சிறுநீரகம் கெட்டிருக்கிறது, இந்தக் களிம்புகளில் சிலவற்றில் பாதரசம் கலக்கிறார்கள், அதுவாக இருக்கலாம் என்றார் மருத்துவர். ‘இருக்கலாம்’ என்பதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. கடைசியாகப் பார்த்தபோது உனக்கு மூக்கில் வேறொரு மாஸ்க். பேச முடியவில்லை. கையை மட்டும் விரித்துக் காட்டினாய், அந்த முதல்நாள் ஸ்கேனரில் வைத்தது போல. எதற்கென்று எனக்குத் தெரியாது. தண்ணீர் கேட்டாயோ என்னவோ.

மழை வந்து புகை அடங்கி, எதிர் வரிசைக் கடைகளின் பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தபோது நீ இல்லை. மெர்லிமாவிலிருந்து யாரும் வரவில்லை.

வருஷ திதிக்கு முன்னால் உன் அம்மா கடைக்கு வந்தார். வீட்டில் மாட்டியிருந்த படத்தைச் சட்டத்தோடு துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். நீ திருத்திய அதே படம். மாலையின் காய்ந்த நார் இன்னும் சட்டத்தின் மூலையில் ஒட்டியிருந்தது.

“பேப்பர்ல போடணும்மா. ஆனா இதப் போட வேணாம். வீட்டுக்கு வர்றவங்க யாரு இதுன்னு கேக்குறாங்க. எனக்கே சமயத்துல யாரோ மாதிரி இருக்கு. அவ கலர்ல போட்டுக் குடு.”

அவ கலர். அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில் நான் முதன்முதலாகக் கேட்டேன்.

வேறு படம் இருக்கிறதா என்று கேட்டேன். அடையாள அட்டையை இறப்புப் பதிவின்போதே வாங்கிக்கொண்டார்கள். பள்ளிக்கூடக் கூட்டுப் படத்தில் உன் முகம் பச்சைப் பயறு அளவு. பக்கத்தில் நின்றவளின் நிழல் பாதி. சித்தி மகள் கல்யாணப் படத்தில் நீ பின்னால் திரும்பிப் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறாய், பின்னல் மட்டும் தெரிகிறது. எஸ்டேட்டில் உன்னை யார் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்?

நான் உட்கார்ந்தேன். நாம் கற்ற எல்லாவற்றையும் செய்தேன். வெளுப்பைக் கீழே இழுத்தேன், முகம் சாம்பலாயிற்று. மேலே பழுப்பு அடுக்கு ஒன்று போட்டு ஒபாசிட்டியைக் குறைத்தேன். வெயிலில் கறுத்த வேறு எவளோ வந்தாள். மாஸ்க் மாட்டிக் கன்னத்தையும் நெற்றியையும் தனித்தனியாகச் செய்தேன். நீ அவ்வளவு வெளுப்பு ஏற்றியிருந்தாய். கன்னத்தில் ஒரு விவரமும் மிச்சமில்லை. இருந்தால்தானே திரும்பக் கொண்டுவர? மாஸ்க் மறைத்ததை மீட்கலாம். ஒன்றாக்கிவிட்டதை மீட்க வழி இல்லை. புத்தகத்தைப் பின்னட்டை வரை மறுபடி படித்தேன். அதில் இதற்கு ஒரு பக்கமும் இல்லை.

எல்லாவற்றையும்விட மோசம் வேறொன்று. எந்தப் பழுப்பைப் போட்டாலும், இதுதானா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் நிறம். அம்மைக் குழி இடது கன்னத்திலா, வலதிலா என்றுகூடத் தடுமாறினேன்.

அப்போதுதான் பழைய கோப்புகளுக்கிடையில் உன் கை கிடைத்தது. சோதனை என்று பெயர் வைத்து நீ மறந்துபோன கோப்பு. திறந்தேன். யாரும் திருத்தாத உன் தோல், ஆனால் உள்ளங்கை. உள்ளங்கை யாருக்குத்தான் கறுப்பு? உருப்பெருக்கிப் பார்த்தேன். சுண்டு விரலுக்குக் கீழே, கை வளைந்து கண்ணாடியைவிட்டு மேலே எழும் இடத்தில், ஒரு மயிரிழை அகலத்துக்கு உன் நிறம் இருந்தது. அதில் மென்பொருளின் நிறம் எடுக்கும் சொட்டுக்குழாயை வைத்து எடுத்தேன். அந்தப் பழுப்பை வைத்துத்தான் இரண்டாவது படத்தைச் செய்தேன்.

உன் அம்மா திரும்ப வந்தார். நான் முதலில் திருத்திய படத்தைப் பார்த்து, “இது யாரு?” என்றார். இரண்டாவதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். அம்மைக் குழி வலது கன்னத்தில் என்று சொல்லி, இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். வைத்தேன். மறுபடி பார்த்தார்.

“கலரு சரிதாம்மா. ஆனா அவ இல்லியே.”

திரையில் உன் கை திறந்தே கிடந்தது. “இது என்னா?” என்று கேட்டார். சொன்னேன். பக்கத்தில் வந்து, தன் கையை விரித்து அதன் அருகே பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் கையைப் புறங்கையாகத் திருப்பினார்.

“இப்படித் திருப்பி வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ல.”

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. சோறு வடிக்கும்போது கொஞ்சம் சிந்திவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார். பிறகு பழைய சட்டத்தையே எடுத்துத் துணியில் சுற்றினார்.

“இதையே போட்டுடும்மா. ஆசப்பட்டுப் பண்ணிக்கிட்டா. இதுலயாவது அவ நெனச்ச மாதிரி இருக்கட்டும்.”

பத்திரிகையில் அந்தப் படம்தான் வந்தது. அச்சில் கன்னங்கள் தாளோடு தாளாகப் போய்விட்டன. கண்ணும் புருவமும் பொட்டும் மட்டும் வெள்ளையில் நின்றன.

மென்பொருளின் புதிய பதிப்பு இப்போது வந்திருக்கிறது. அதில் ஒரு படி இல்லை, பல படிகள் பின்னால் போகலாம். செய்தது ஒவ்வொன்றும் வரிசையாக நிற்கும், எதன்மேல் சொடுக்கினாலும் அங்கே திரும்பலாம். பார்த்ததும் உன்னைக் கூப்பிட வாய் எடுத்தேன். கோப்பை மூடிவிட்டால் அந்த வரிசை அழிந்துவிடும் என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன்.

இன்று காலை வந்த பெண்ணிடம் சொன்னேன். எனக்குப் பழக்கமில்லாத அளவுக்குப் பேசினேன். “தங்கச்சி, அந்தக் கிரீம விட்டுடு. அது உள்ள போயி கிட்னியக் கெடுத்துடும். இந்த நாற்காலியில உக்காந்து வேல செஞ்ச பொண்ணு ஒருத்தி அப்படித்தான்…”

அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லேசாகச் சிரித்தாள்.

“உங்களுக்கென்னக்கா, நீங்க கலரு.”

அதே சொற்கள். ஏறக்குறைய அதே குரல். கதவருகே போய்த் திரும்பி, “படத்துல கலர கொஞ்சம் தூக்கிப் போட்டுடுங்கக்கா” என்றாள். போட்டேன். நீ நிறுத்துகிற இடத்திலேயே நிறுத்தினேன். மறைந்திருக்கும் அடுக்குகளைத் தள்ளிவிடலாமா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன். என் வேலை அது.

உன்னுடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். நிறப் பெட்டியில், வரிசையின் கடைசிக் கட்டத்தில், உன் கையின் ஓரத்திலிருந்து எடுத்த அந்தப் பழுப்பைச் சேமித்துவைத்திருக்கிறேன். பெயர் எதுவும் கொடுக்கவில்லை. கணினியை மாற்றியபோதும் அதைக் கொண்டுவந்துவிட்டேன். அது உன் முகத்துக்குப் பொருந்தவில்லை. வேறு எதற்கும் நான் பயன்படுத்துவதும் இல்லை.

மத்தியானம் அண்ணன் என் இடத்தில் உட்கார்ந்து மளிகைக் கடைக் காலண்டரைச் சுற்றி நிறப் பட்டை போட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு மவுஸ் பயம் போய்விட்டது. நான் மறுபடி கை கழுவிவிட்டு வந்தபோது திரையைப் பார்த்தேன். காலண்டரின் நான்கு பக்கமும் அந்தப் பழுப்பில் நீ.

“நல்ல கலரும்மா இது,” என்றார் அண்ணன், தலையைச் சாய்த்து ரசித்துக்கொண்டு. “எங்க புடிச்ச?”

உன்னைப் பார்த்து யாரும் சொல்லி நான் கேட்டிராத அந்தச் சொல்.

“ஸ்கேனர் கண்ணாடியில ஒட்டியிருந்திச்சுண்ணே.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “அப்ப நல்லாத் தொடச்சி வை” என்றார்.

துணியை எடுத்துக்கொண்டு போனேன். மூடியைத் தூக்கினேன். துடைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.